தொப்புள் விழாத குழந்தைக்கு ஆயா தண்ணீர் ஊற்றலாமா?

குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். முதல் குழந்தை, நிறைமாதத்தில் 2.8 கிலோ எடையோடு பிறந்தது, இன்று 9-ஆம் நாள், தொப்புள் இன்னும் விழவில்லை. தினமும் விடியற்காலையில் காலில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால்தான் உடம்பு தேறும் என்கிறார் உங்கள் ஆயா (பாட்டி). தொப்புள் விழும்வரை துடைத்துவிட்டால் போதும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். தண்ணீர் எவ்வளவு சூடு இருக்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இருவரில் யார் பேச்சைக் கேட்பது, ஆயா மனம் நோகாமல் இதை எப்படிச் செய்வது என்பதுதான் உங்களை அரிக்கிறது என்று தோன்றுகிறது. தொப்புள் விழும்வரை நர்ஸ் சொன்னபடி செய்யுங்கள். விழுந்த பிறகு ஆயாவே குளிப்பாட்டட்டும். அவர் வழக்கத்தில் சிலவற்றை மட்டும் கட்டாயம் விட்டுவிட வேண்டியிருக்கும். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்று அந்த வேலையிலேயே இருக்கும் செவிலியர் என்ற முறையில் காரணங்களோடு சொல்கிறேன். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். குளியலில் குழந்தைக்கு அதிகம் ஆபத்து வருவது தண்ணீரில் இருக்கும்போதைவிட, வெளியே எடுத்தபின் ஈரத்தோடு இருக்கும் நேரத்தில்தான். எடையோடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம். அதனால் உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும். நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு காத்துக்கொள்கிறது. அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் கூடுதலாகச் செலவாகும். சளைத்துப்போன குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காததால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், இன்னும் சில்லிடும். நம் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே போகிற நாள் உண்டு. திறந்த தாழ்வாரத்தில் தலையை நனைக்க அதைவிடத் தவறான நேரம் வேறு இல்லை. காலை 11 மணிக்கு மேல், 1 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வெயில் ஏறியிருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆயா ஒப்புக்கொண்டாலே பாதிக் கவலை தீர்ந்தது.

தினமும் குளிப்பாட்டியே ஆக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பிறந்து 24 மணி நேரமாவது போன பிறகே முதல் குளியல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடம்பில் மாவு அப்பியதுபோல இருக்கும் வெள்ளைப் படலம் தோலைக் காக்கிறது, அதைத் தேய்த்து எடுக்கவும் கூடாது. உங்கள் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. தொப்புள் விழுந்த பிறகு வாரத்துக்கு 2 அல்லது 3 முறை போதும். மற்ற நாள்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, பின்புறம் இவற்றைத் துடைத்தால் சுத்தம்தான். குழந்தை மண்ணில் புரளவில்லை, கக்கிய பாலும் மூத்திரமும் மலமும்தான் அழுக்கு. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பிறக்கும் குழந்தைக்கு மட்டும் வேர்க்குரு வராமல் இருக்கத் தினமும் வெறும் தண்ணீரில் ஒருமுறை நனைத்து எடுக்கலாம். அதில் தவறில்லை.

தொப்புளைப் பற்றி. பெரும்பாலும் 5 முதல் 15 நாளுக்குள் விழும், ஆகவே 9-ஆம் நாள் விழாமல் இருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. உறுதியாகத் தெரிந்தது என்னவென்றால், தொப்புள் எவ்வளவு உலர்ந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மஞ்சள், விளக்கெண்ணெய், சாம்பல், பவுடர், வசம்புக் கரி எதுவும் அதன் மேல் படக்கூடாது. நாப்கினை இடுப்புக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். மூத்திரம் பட்டால் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த துணியால் அடிப்பகுதியைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அவ்வளவுக்கு உறுதி இல்லாத இடம் ஒன்றும் உண்டு. தொப்புள் விழுவதற்குள் தொட்டியில் குளிப்பாட்டினாலே தொற்று வந்துவிடும் என்று சொல்ல முடியாது. நல்ல தண்ணீர், சுத்தமான தொட்டி, உடனே துவட்டுதல் இவை இருந்தால் நிறைமாதக் குழந்தைக்குத் தொற்று கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வேறு இடத்தில் மருத்துவர்கள் அனுமதித்தும் இருப்பார்கள். வீட்டுத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று தெரியாத நிலையில், இன்னும் சில நாள் பொறுப்பதால் எதுவும் கெட்டுவிடாது என்பதால்தான் நர்ஸ் துடைக்கச் சொல்லியிருப்பார். துடைக்கும்போதும் முழு உடம்பையும் ஒரேயடியாகத் திறந்து போடாதீர்கள். ஒரு கையைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, மூடிவிட்டு அடுத்த கைக்குப் போங்கள்.

இனி தண்ணீர். சூடு 37 டிகிரி, மிஞ்சினால் 38. வெப்பமானி வைத்து அளக்க வழியில்லையென்றால் முழங்கையை உள்ளே விடுங்கள். சுடுவதாகவும் தெரியக்கூடாது, குளிர்வதாகவும் தெரியக்கூடாது, தண்ணீர் இருப்பதே தெரியாமல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உள்ளங்கையை மட்டும் நம்பாதீர்கள். அடுப்படியில் பழகிய கை சூடு தாங்கும். ஆயாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் விரல்கள் மரத்துப்போயிருக்கலாம். அவர் ‘பதமா இருக்கு’ என்று சொல்லும் தண்ணீர் குழந்தையின் தோலைச் சிவக்க வைப்பது இப்படித்தான். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் குழந்தையின் தோலை வேகவைத்துவிடும். பல வீட்டுக் கீசர்களில் அந்தச் சூடு வரும். விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகு சுடுதண்ணீரைச் சேர்த்து, அடிவரை கை விட்டுக் கலக்குங்கள். குழந்தை தொட்டியில் இருக்கும்போது சுடுதண்ணீர் சேர்க்கவே கூடாது. ஆறிப்போனால் குழந்தையை எடுத்துவிட வேண்டியதுதான். கோடையில் குழாயைத் திறந்து நேராகப் பிடிக்கவும் கூடாது. மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியில் பகல் 2 மணிக்கு இருக்கும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் ஊரில் ஒரு கேள்விதான். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் உப்போ, ஆலைக் கழிவில் வரும் குரோமியமோ போகாது. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் தோலில் படிந்து, தோல் வறண்டு உரியும். குழந்தைக்கு ஒரு வேளைக்கு 6 முதல் 8 லிட்டர் போதும், அதாவது அரைக் குடத்துக்குச் சற்றுக் கூடுதல். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் காவிரிக் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொப்புள் புண் ஆறும்வரை அதைக் காய்ச்சி ஆறவைத்து விளாவுவது நல்லது.

குளிப்பாட்டும் இடம் காற்று வராத அறையாக இருக்கட்டும். பாத்ரூமைவிடப் படுக்கையறைத் தரையே நல்லது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்திவிடுங்கள். கேஸ் கீசர் இருக்கும் சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டவே கூடாது, அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குழந்தையைத் தூக்கும் முன்பே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் தண்ணீர் உள்ள தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒரு சொம்பு, முகம் துடைக்கச் சின்னத் துணி, துவட்ட ஒன்று சுற்ற ஒன்று என இரண்டு பெரிய துணிகள், பிரித்து விரித்து வைத்த சட்டை, நாப்கின், தொப்பி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஈரத்தை இழுக்காது, தோலையும் உரசும். பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியைக் கிழித்து, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்தால் அதைவிட நல்ல துவட்டுத் துணி கடையில் கிடைக்காது. பால் குடித்து அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் கக்கும், பசியோடு இருந்தால் வீறிடும். செய்பவரின் மோதிரம், வளையல் கழற்றியிருக்க வேண்டும், கை முழங்கைவரை சோப்பால் கழுவியிருக்க வேண்டும்.

பிடிமானம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். உங்கள் இடது முன்கை குழந்தையின் பிடரியையும் தலையையும் தாங்கட்டும். அதே கையின் விரல்கள் குழந்தையின் இடது தோளைச் சுற்றி, கட்டைவிரல் தோளின் மேலும் மற்ற விரல்கள் அக்குளுக்குள்ளும் இருக்கும்படி பிடித்துக்கொள்ளட்டும். வலது கை பின்புறத்தைத் தாங்க, முதலில் பாதம், பிறகு இடுப்பு, பிறகு முதுகு என்று மெதுவாக இறக்குங்கள். இறக்கியபின் வலது கை கழுவுவதற்கு விடுபடும், இடது கை கடைசிவரை விடக்கூடாது. கதவு தட்டினாலும் போன் அடித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கண்ணை மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு வேறு மூலையால் துடையுங்கள். கழுத்து மடிப்பை விரித்தால் தயிர் போல ஒட்டியிருக்கும் பழைய பாலைப் பார்ப்பீர்கள், நாற்றமும் சிவப்பும் ஆரம்பிக்கும் இடம் அது. காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, விரல்களுக்கு நடுவில் என்று அடுத்தடுத்து வாருங்கள். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகவே கழுவ வேண்டும், உள்ளே இருக்கும் வெள்ளைப் படிவைச் சுரண்ட வேண்டாம். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். தலையைக் கடைசியில் நனையுங்கள். உடம்பிலிருந்து வெளியேறும் சூட்டில் கணிசமான பங்கு தலை வழியாகப் போகிறது. உச்சிக்குழியைத் தொடப் பயப்பட வேண்டாம், அழுத்தாமல் தடவலாம். நனைத்த உடனே எடுத்து, தலையை முதலில் துவட்டி, ஈரத்துணியை அப்புறப்படுத்தி, இரண்டாவது துணியில் சுற்றிவிடுங்கள். இறக்கியதிலிருந்து எடுப்பதுவரை 5 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். துவட்டுவது ஒற்றி எடுப்பதாக இருக்கட்டும், தேய்ப்பதாக வேண்டாம்.

இப்போது ஆயாவின் முறைக்கு வருகிறேன். காலை நீட்டி, அதில் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் பெரியவர்களின் கைத்திறன் சாதாரணமானதல்ல. தாழ்ந்த இடம், இரண்டு கால்களுக்கு நடுவில் பள்ளம், கீழே விழ வழியில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் குப்புறப் போடும்போது முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு திறந்திருக்க வேண்டும். தண்ணீரை இன்னொருவர் சொம்பால் ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்ற வேண்டும், உயரத் தூக்கி அடித்து ஊற்றக்கூடாது. முகத்தில் நேராக ஊற்றவே கூடாது. குழந்தைக்கு மூச்சைப் பிடித்து வைக்கத் தெரியாது, தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் தேய்த்த உடம்பு வழுக்கும் என்பதால் எண்ணெயைக் குளியலுக்குப் பிறகு வைத்துக்கொள்வதே மேல்.

கட்டாயம் விட வேண்டியவை என்று நான் சொன்னவை இவை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் ஏற்படும் நிமோனியா எளிதில் ஆறாது. வாயால் மூக்கிலும் காதிலும் ஊதுவது. ஊதுபவரின் வாயில் உள்ள கிருமி நேராக உள்ளே போகிறது. தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பது. புண்ணும் தொற்றும் வரும், எடுக்க வேண்டிய கோழை அங்கே இல்லவும் இல்லை. மார்பு கட்டியிருக்கிறது என்று பிதுக்கிப் பால் எடுப்பது. ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் அப்படி வீங்குவது தாயின் ஹார்மோனால்தான், தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானே வற்றும், பிதுக்கினால் சீழ் வைத்து அறுவை சிகிச்சைவரை போகலாம். மூக்கை நீவி, தலையை அழுத்தி உருவம் பிடிப்பதும் வேண்டாம். பிரசவத்தில் நீண்ட தலை தானாகவே உருண்டைக்கு வந்துவிடும். சாம்பிராணிக்கு ஆயா மிகவும் பிடிவாதம் பிடிக்கலாம், முடி காய வேண்டும், சளி பிடிக்கக்கூடாது என்பது அவர் கவலை. முடி காய உலர்ந்த துணி போதும். நிமிஷத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும் குழந்தை அந்தப் புகையை நம்மைவிட வேகமாக உள்ளே இழுக்கும், மூச்சுக்குழாய் எரிந்து சளியைத்தான் வரவழைக்கும். தணலருகே தீக்காய ஆபத்தும் இருக்கிறது. பவுடரும் அப்படியே, தூள் மூச்சில் போகும். கண்ணுக்கு மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டு வேண்டுமென்றால் உள்ளங்காலில் வையுங்கள், கையும் வாயும் எட்டாது.

எண்ணெய், மாவு, சோப்பு விஷயத்தில் அத்தனை கறாராகப் பேச முடியாது. தேங்காய் எண்ணெய் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது, தோலுக்கு நல்லது என்பதற்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. கடுகெண்ணெய் சிலருக்கு எரிச்சல் தருகிறது. ஆலிவ் எண்ணெய் தோலின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனமாக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணெய் தேய்த்தால் எலும்பு பலப்படும் என்பதற்கு அப்படி ஆதாரம் இல்லை, ஆனால் தாயோ ஆயாவோ சூடான கையால் இதமாகத் தடவுவது குழந்தைக்குப் பிடிக்கும், அதை ஏன் தடுக்க வேண்டும்? தொப்புள் விழுந்தபின், அழுத்தாமல், முறுக்காமல் செய்யட்டும். கடலை மாவும் பயத்த மாவும் மடிப்புகளில் தங்கிப் புண்ணாக்குவதால் முதல் மாதத்தில் தவிர்க்கச் சொல்வேன். சாதாரணச் சோப்பு காரத்தன்மை உள்ளது, குழந்தையின் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. ஆகவே அக்குள், தொடை இடுக்கு, பின்புறம் மட்டும், வாரம் 2 நாள், வாசனை குறைந்த மென்மையான குழந்தைச் சோப்பு போதும். அரசு மருத்துவமனையில் தந்த பெட்டகத்தில் இருக்கும் சோப்பையே பயன்படுத்தலாம், தோல் சிவந்தால் நிறுத்திவிடுங்கள்.

குளித்து முடித்ததும் உடனே உங்கள் மார்போடு தோல் தோலில் படும்படி அணைத்து, மேலே போர்த்தி, பால் கொடுங்கள். பத்து நிமிஷம் கழித்து வயிற்றையும் பாதத்தையும் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக, பாதம் இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இறுக்கமாக அணைத்துச் சூடேற்றுங்கள், தொப்பி போடுங்கள். வயிறும் பாதமும் இரண்டுமே சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. அக்குளில் வெப்பமானி வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் நாலு மணி நேரம் அசையாமல் தூங்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தூக்கத்தில் பாதி களைப்பாக இருக்கலாம். இந்த வயதில் பகலிலும் இரவிலும் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடித்தாக வேண்டும். எழாவிட்டால் பாதத்தைச் சுண்டி எழுப்புங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. குறைமாதக் குழந்தைக்கோ 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கோ மேலே சொன்ன தொட்டிக் குளியல் பொருந்தாது. எடை ஏறி, குழந்தை மருத்துவர் சொல்லும்வரை துடைப்பது மட்டும்தான், மார்போடு அணைத்து வைப்பதுதான் அதற்கு மருந்து.

ஆயாவிடம் பேசும்போது அவரைக் குளியலிலிருந்து விலக்காமல், உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விளாவுவது நீங்கள், முழங்கையால் பார்ப்பது நீங்கள், காலில் போட்டுப் பிடிப்பது அவர், சொம்பால் ஊற்றுவது உங்கள் அம்மா, துவட்டுவது ஆயா. ‘நர்ஸ் வந்து பார்ப்பாங்க ஆயா, தொப்புள் ஈரமா இருந்தா என்னைத்தான் திட்டுவாங்க’ என்று சொன்னால், மருமகளோ பேத்தியோ திட்டு வாங்குவதை எந்தப் பெரியவரும் விரும்ப மாட்டார். உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது ஆயாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, செவிலியர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவினால், சீழோ துர்நாற்றமோ வந்தால், ரத்தம் நிற்காமல் கசிந்தால் அன்றே காட்ட வேண்டும். விழுந்த இடத்தில் ஓரிரு துளி ரத்தக் கசிவு இயல்பு, புண் காய இன்னும் 2 நாள் விட்டுத் தொட்டிக் குளியலைத் தொடங்குங்கள். 3 வாரம் ஆகியும் விழாவிட்டாலும் காட்டுங்கள். பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிந்தால், வலிப்பு வந்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால், உடம்புச் சூடு 35.5-க்குக் கீழே போனாலோ 37.5-க்கு மேல் நின்றாலோ வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து தேவைப்பட்டால் அடுக்கம்பாறையில் இருக்கும் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வண்டியில் போகும்போதும் குழந்தை உங்கள் மார்போடு ஒட்டி, தலையில் தொப்பியோடுதான் இருக்க வேண்டும்.